வேலியோரத்து மோர்ப் பானை



போன மாதம் குடியாத்தத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போய், பெரியப்பா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது. இந்திய விமானப் படையில் இருபது ஆண்டு ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக வேலை பார்த்து, சார்ஜென்டாக ஓய்வு பெற்றவர். காது சற்று மந்தம். ஜெட் இன்ஜின்களுக்குப் பக்கத்தில் கழிந்த காலம் விட்டுச் சென்றது அது ஒன்றுதான். மற்றபடி நினைவு பிசகாது. ஊரில் இன்றும் அந்த வீட்டுக்கு மில்ட்ரிக்காரர் வீடு என்றுதான் பெயர்.

ராத்திரி ஒன்பதரை மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவரக் கிளம்பினார். கொல்லைக் கதவு, கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, வாசல் கேட் என்று வரிசையாகப் போய், ஒவ்வொரு தாழ்ப்பாளையும் கையால் இழுத்துப் பார்த்தார்.

"நான்தான் எல்லாத்தையும் பூட்டிட்டேனே பெரியப்பா. வந்து படுங்க" என்றேன்.

"நீ பூட்டினது உனக்குத் தெரியும்பா. எனக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் பேச்சைத் தொடங்கி வைத்தது. திண்ணையில் உட்கார்ந்து, பழைய காவல் நாட்களை நடுராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தார். வருகிற அக்டோபர் 8 விமானப் படை நாள். 1932ல் அந்தப் படை பிறந்த தேதி அது. அன்றைக்கு நாம் எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்ப்போம். அந்த விமானங்கள் இறங்கி நிற்கும் தரையைக் காப்பவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் உங்களோடு பேச வேண்டும் என்று திண்ணையில் இருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் அவர் காவல் இருந்த தளம் எது என்று கேட்டேன்.

"வடக்கே" என்றார்.

"பஞ்சாபா பெரியப்பா?"

"வடக்கேன்னா வடக்கேதான்."

"அறுபது வருஷம் ஆயிடுச்சே. இப்ப சொன்னா என்ன?"

"சொல்லக் கூடாதுன்னு அன்னிக்குச் சொன்னாங்க. இப்ப சொல்லலாம்னு யாரும் வந்து சொல்லலையே!"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பெரியப்பாவின் அனுபவமாக இங்கே வரும் எதற்கும் தளத்தின் பெயர் இருக்காது. பெயரோடு வருபவை எல்லாம் நாடறிந்த வரலாறு.

1963ல், சீனப் போர் முடிந்த மறு வருஷம், பெரியப்பா படையில் சேர்ந்தார். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய மாவட்டம் எங்களுடையது. ஆனாலும் பாட்டிக்கு ஒரு குறை இருந்தது. பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வந்த இன்லேண்ட் லெட்டர்களில் 56 ஏ.பி.ஓ. என்று மட்டும்தான் இருக்கும். ராணுவ அஞ்சல் துறை அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தது. 56 ஏ.பி.ஓ. என்றோ 99 ஏ.பி.ஓ. என்றோ எழுதிப் பெட்டியில் போட்டால், டெல்லியிலும் கல்கத்தாவிலும் பிரித்து, உரியவர் எந்த மூலையில் இருந்தாலும் கொண்டு சேர்த்துவிடுவார்கள். கடிதம் எழுதியவருக்கும் அதைச் சுமந்த ஊர்த் தபால்காரருக்கும் இடம் தெரியாது. பாட்டி அதை ஓர் ஊர் என்றே எடுத்துக்கொண்டாள். "என் பையன் அம்பத்தாறுல இருக்கான்" என்று ஊரெல்லாம் சொன்னாள். அங்கே மழை பெய்கிறதா, குளிரா என்று எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதைக்கூடப் பெரியப்பா எழுதியதில்லை. "மழைன்னு எழுதினா, ஓடுபாதை ஈரமா இருக்குன்னு எழுதின மாதிரிதானே!" என்றார்.

தளத்துக்குள் நுழைவதைப் பற்றிச் சொன்னார். வெளிவாசல் ஒன்று. அதைத் தாண்டினால் குடியிருப்பு, மெஸ், கேன்டீன். விமானங்கள் நிற்கும் தொழில்நுட்பப் பகுதிக்கு இன்னொரு வேலி, இன்னொரு வாசல், இன்னொரு பாஸ். குடியிருப்பில் இருக்கும் மனைவி மக்கள் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஹாங்கரில் வேலை செய்பவர் வெடிமருந்துக் கிடங்குப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. யாருக்கு எங்கே வேலையோ அங்கே மட்டும்தான் வழி. பதவி உயர்ந்தவர் என்பதால் எல்லாக் கதவும் திறந்துவிடாது.

வாசலோடு காவல் முடிவதில்லை. ஃபிட்டரின் கருவிப் பெட்டிக்குள்ளும் அது உண்டு. வேலை தொடங்கும்போது எண்ணி வாங்கிய ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் எண்ணித் திருப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை அந்த விமானம் நகராது. காணாமல் போன ஸ்பேனர், விமானியின் காலடியில் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு நடுவே கிடந்தால் எதிரியின் குண்டு செய்யும் வேலையைச் செய்துவிடும். ஒரு தடவை சின்னத் திருகாணி ஒன்றுக்காக ஐந்து பேர் ராத்திரி முழுக்க முழங்காலில் தவழ்ந்து தேடியிருக்கிறார்கள். "திருடன் வெளியிலேருந்துதான் வருவான்னு இல்லப்பா. நம்ம மறதியும் திருடன்தான்" என்றார்.

இரவுக் காவலில் ஒலிக்கும் ஒரு குரலையும் நடித்துக் காட்டினார். இருட்டில் யாராவது வருவது தெரிந்தால் காவலர் "ஹுக்கும்தார்!" என்று அதட்டுவார். ஏதோ உருதுச் சொல் என்று தோன்றும். வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய்கள், 'அங்கே வருவது யார்' என்ற ஆங்கில அதட்டலைக் காதில் விழுந்தபடி சொல்லிச் சொல்லி அப்படி ஆகிவிட்டது என்பார்கள். அந்தக் குரல் கேட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கையைத் தூக்க வேண்டும். நண்பன் என்று சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் முன்னே வரச் சொல்லி, அன்றைய ரகசியச் சொல்லைக் கேட்பார்கள். அந்தச் சொல் தினமும் மாறும்.

இப்போது சேலத்துக்காரர் கதைக்கு வருகிறேன். நான் ஊருக்குப் போய்ச் சம்பாதித்து வந்தது அதுதான்.

ஒரு ஜனவரி மாத இரவு. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. பெரியப்பாவுக்கு ஹாங்கரில் இரவு வேலை. சாப்பிட வெளியே வந்தவர், எண்ணெய் படிந்த மேலுடுப்பை மாற்றியபோது பாஸைப் பழைய உடுப்பிலேயே விட்டுவிட்டார். திரும்பி வரும்போது வாசலில் நின்றவர் விமானப் படைப் போலீஸில் இருந்த ஒரு சேலத்துக்காரர். இருவரும் ஒரே பில்லெட்டில் அடுத்தடுத்த கட்டில். வீட்டிலிருந்து பாட்டி அனுப்பிய ஊறுகாயை அன்று மதியம்தான் பங்கு போட்டுச் சாப்பிட்டிருந்தார்கள்.

"டேய், நான்தான்டா, விடு" என்றிருக்கிறார் பெரியப்பா தமிழில்.

பதில் இந்தியில் வந்தது. பாஸ் எங்கே என்ற ஒரே கேள்வி. தமிழே தெரியாதவர்போல நின்றார் அவர். பெரியப்பாவை விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் நிற்க வைத்துவிட்டுக் காவல் தலைவரைக் கூப்பிட்டார். அவர் வந்து ஹாங்கருக்குத் தொலைபேசியில் பேசி, அங்கிருந்து ஒரு கார்ப்பரல் வந்து அடையாளம் காட்டி, பேரேட்டில் பெயர் எழுதி உள்ளே விட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. குளிரில் கால் மரத்துப் போய்விட்டது. மறுநாள் பாஸை மறந்த குற்றத்துக்கு ஏழு நாள் கூடுதல் வேலையும் விழுந்தது.

பெரியப்பா இரண்டு நாள் சேலத்துக்காரரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கட்டிலில் வந்து உட்கார்ந்து சொன்னாராம்: "உன்னை எனக்குத் தெரியும்டா. அந்தப் பனியில உன் முதுகுல எவனாவது துப்பாக்கிய வெச்சிருந்தா அது எனக்கு எப்படித் தெரியும்?"

பெரியப்பா இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தெரிஞ்ச முகத்துக்குக் கதவு திறக்கும்னு ஆயிட்டா, எதிரி தெரிஞ்ச முகத்தைத்தான் பிடிக்க வருவான். எவனா இருந்தாலும் பாஸ் இல்லாம திறக்காதுன்னு இருந்தா, எங்களைப் பிடிச்சு அவனுக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல. அந்தச் சேலத்துக்காரன் அன்னிக்கு என்னையும் சேர்த்துத்தான் காப்பாத்தினான்" என்றார்.

கெடுபிடி என்றால் அவமதிப்பு என்று நினைத்துப் பழகிய எனக்கு இது புதிய பாடம்.

ஏன் இத்தனை கண்டிப்பு? வானத்தில் பறக்கும்போது போர் விமானத்துக்கு நிகர் இல்லை. தரையில் நிற்கும்போது அது தண்ணீரை விட்டு வெளியே வந்த முதலை. நகர முடியாது, திருப்பி அடிக்க முடியாது, வயிறு நிறைய எரிபொருள் வேறு. 1941 மே மாதம் கிரீட் தீவில் மலேமே என்ற ஒரு விமானத் தளம் ஜெர்மானியப் பாராசூட் படையின் கைக்குப் போனது. அதன் வழியே தீவே கைவிட்டுப் போயிற்று. அந்த அடி வாங்கிய பிறகுதான், தளங்களைத் தரையில் நின்று காப்பதற்கென்றே ஆர்.ஏ.எஃப். ரெஜிமென்ட் என்ற தனிப்படையைப் பிரிட்டன் 1942 பிப்ரவரி 1ல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் எகிப்துப் பாலைவனத்தின் சிதி ஹனீஷ் தளத்துக்குள் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். வீரர்கள் நள்ளிரவில் ஜீப்புகளில் புகுந்து, வரிசையாக நின்ற ஜெர்மன் விமானங்களைச் சுட்டு எரித்துவிட்டுப் போனார்கள். 1967 ஜூன் 5ல் எகிப்தின் விமானப் படையில் பெரும்பகுதி, வானத்தில் ஏறாமல் தரையிலேயே சில மணி நேரத்தில் அழிந்தது.

நம் நாட்டுக்கும் அந்தப் பாடம் 1965ல் கிடைத்தது. செப்டம்பர் 6 மாலை, பதான்கோட் தளத்தின் மேல் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் வந்தன. தரையில் நின்ற நம் விமானங்கள் 10 அழிந்தன. அவற்றில் இரண்டு, அப்போதுதான் புதிதாக வந்திருந்த மிக்-21. அன்றிரவே மூன்று சி-130 விமானங்கள் பதான்கோட், ஆதம்பூர், ஹல்வாரா ஆகிய மூன்று தளங்களையும் குறிவைத்து, தளத்துக்குச் சுமார் 60 பேர் வீதம் 180 கமாண்டோக்களைப் பாராசூட்டில் இறக்கின. தளத்துக்குள் புகுந்து விமானங்களையும் விமானிகளையும் முடித்துவிட வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட வேலை.

அது நடக்கவில்லை. இருட்டில் இறங்கியவர்கள் வயல்களில் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப் போனார்கள். ஒன்று சேர்வதற்குள் விடிந்துவிட்டது. ராணுவமும் பஞ்சாப் காவல்துறையும் தேட, கூடவே கிராமத்து விவசாயிகள் தடியும் கையுமாகக் கிளம்பினார்கள். அந்த மண்ணில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள். சிலர் மாண்டார்கள். சுமார் 20 பேர் மட்டுமே எல்லை தாண்டித் திரும்பினார்கள். மூன்று தளங்களில் ஒன்றுக்குக்கூட அவர்களால் சேதம் விளைவிக்க முடியவில்லை.

"எங்க தளத்துல எவனும் இறங்கல. ஆனா எவனும் தூங்கல" என்றார் பெரியப்பா. பகலில் விமானம் பழுது பார்த்த கையில் ராத்திரி த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் இருந்தது. பதுங்குகுழியில்தான் படுக்கை. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம். பீடி பற்ற வைத்தால்கூடக் குற்றம். நரி ஓடினாலும் பாராசூட்காரன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அந்த நாட்களில் வேலிக்கு வெளியே நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் தினமும் பொழுது சாயும் நேரத்தில் வருவாராம். வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்பார். கையைத் தூக்கிக் காட்டுவார். காவலர் தலையசைத்த பிறகுதான் பேசுவார். வாய்க்கால் கரையில் இன்றைக்கு யார் யார் போனார்கள், அதில் தெரியாத முகம் எத்தனை, எந்த வயலில் பயிர் மிதிபட்டிருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்வார். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எத்தனை விமானம் என்று கேட்டதில்லை. போகும்போது, கொண்டுவந்த மோர்ப் பானையை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவார்.

காவலில் இருப்பவர் வெளியார் கொடுக்கும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அதனால் அந்தப் பானையை ஒருவரும் தொடவில்லை. காலையில் பெரியவர் வருவார். வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும் பானையைப் பார்ப்பார். எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் மறுபடி கொண்டுவந்து வைப்பார்.

"அவருக்கு மனசு கஷ்டமா இருந்திருக்காதா பெரியப்பா?" என்றேன்.

"அதை நானும் கேட்டேன்" என்றார். செப்டம்பர் 23ல் போர் நின்றது. அடுத்து ஓய்வு கிடைத்த நாளில் பெரியப்பாவும் இன்னும் நாலு பேரும் வாசலுக்கு வெளியே போய், அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் கையால் மோர் வாங்கிக் குடித்தார்கள். தொடாமல் வைத்தது வருத்தமாக இல்லையா என்று அப்போது கேட்டார்களாம். பெரியவர் சிரித்துவிட்டு, "பானை அப்படியே இருக்கிறதைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. நீங்க முழிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்" என்று சொல்லியிருக்கிறார்.

வாசகர்களே, ஒரு விமானத் தளத்தின் பாதுகாப்பு என்னவென்று கேட்டால் நான் அந்த மோர்ப் பானையைத்தான் காட்டுவேன். உள்ளே இருப்பவனின் கண்டிப்பும் வெளியே இருப்பவனின் அக்கறையும் அதில் ஒன்றாக இருந்தன. கண்டிப்பைப் பார்த்து அக்கறை கோபித்துக்கொள்ளவில்லை. அக்கறையைப் பார்த்துக் கண்டிப்பு தளர்ந்துவிடவும் இல்லை.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கோட்டையைத் தாக்குவதற்கு உழிஞை என்றால், கோட்டையைக் காப்பதற்கு நொச்சி என்று தனித் திணையே புறப்பொருள் வெண்பாமாலையில் உண்டு. மதிலுக்கு வெளியே அகழி. அதற்கும் வெளியே காவற்காடு. கோட்டையின் முதல் காவல் கல்லாலான மதில் இல்லை, உயிருள்ள காடு. இன்று ஒரு தளத்தைச் சுற்றியிருக்கும் ஊரும் அதன் மக்களும்தான் அதன் காவற்காடு.

1971ல் அது இன்னொரு முறை தெரிந்தது. 1965ல் வாங்கிய அடிக்குப் பிறகு விமானங்களைத் திறந்தவெளியில் வரிசையாக நிறுத்தும் பழக்கம் போயிற்று. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காப்பரண்களில் நிறுத்தினார்கள். டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் நம் தளங்கள் பலவற்றை ஒரே நேரத்தில் தாக்கியபோது, நம் விமானங்களுக்கு நேர்ந்த சேதம் மிகக் குறைவு. ஆக்ராவில் தளம் இருப்பதால், நிலவொளியில் பளிச்சென்று வழி காட்டிவிடக் கூடாது என்று தாஜ்மகாலையே துணியும் தழையும் போட்டு மறைத்தார்கள். அதே மாதம் குஜராத்தின் புஜ் தளத்தின் ஓடுபாதை குண்டுவீச்சில் குழிகுழியாகப் போனது. சீர்செய்யப் போதிய ஆள் இல்லை. பக்கத்து ஊரான மாதாபரிலிருந்து சுமார் 300 பெண்கள் வந்தார்கள். வானிலிருந்து பார்த்தால் தெரியாதபடி பச்சைச் சேலை கட்டிக்கொண்டார்கள். சைரன் ஒலித்தால் புதருக்குள் ஓடி ஒளிந்தார்கள். நின்றதும் மறுபடி மண்ணும் கல்லும் சுமந்தார்கள். 72 மணி நேரத்தில் ஓடுபாதை தயாராயிற்று. அவர்களில் ஒருவரும் படையில் பெயர் எழுதியவர் இல்லை.

தளத்துக்குள் பெயர் எழுதி நிற்பவர்களிலும் நாம் கவனிக்காத ஒரு கூட்டம் உண்டு. டி.எஸ்.சி. என்று படையினர் சொல்லும் பாதுகாப்புக் காவல் படை. 1947ல் தொடங்கியது. ராணுவத்தில் ஒரு முறை ஓய்வு பெற்று, மறுபடி காக்கவென்று சீருடை அணிபவர்களால் ஆனது. மகள் கல்யாணத்துக்கு, மகன் படிப்புக்கு என்று நாற்பது வயதுக்கு மேல் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர்கள். 2016 புத்தாண்டு பிறந்த மறுநாள் விடியலில் பதான்கோட் தளத்துக்குள் பயங்கரவாதிகள் புகுந்தார்கள். அதற்கு முந்தைய நாள் அவர்கள் ஒரு காவல்துறை அதிகாரியின் காரைப் பறித்துக்கொண்டு தளத்துக்குப் பக்கம் வரை வந்திருந்தார்கள். தலையில் நீல விளக்குச் சுழலும் கார். பெரியப்பா சொன்னது எவ்வளவு சரி என்று பாருங்கள். எதிரி தெரிந்த முகத்தைத்தான் தேடி வருகிறான்.

அந்த மோதலில் உயிர் நீத்த 7 பாதுகாப்புப் படையினரில் 5 பேர் டி.எஸ்.சி.காரர்கள். சுபேதார் மேஜர் ஃபதே சிங், காமன்வெல்த் துப்பாக்கி சுடும் போட்டியில் தங்கம் வென்றவர். ஜகதீஷ் சந்த், அவர்களுடைய மெஸ்ஸில் சமையல்காரர். விடியற்காலையில் அடுப்படி வேலையில் இருந்தவர், கையில் ஆயுதம் இல்லாமலே துரத்திப் போய், ஒரு பயங்கரவாதியைக் கட்டிப்பிடித்து மடக்கி, அவன் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டு வீழ்த்தினார். மற்றவர்களின் குண்டுகளுக்கு இரையானார். அவர் மறைவுக்குப் பிறகு நாடு அவருக்குக் கீர்த்தி சக்ரா வழங்கியது. விமானங்கள் நின்ற தொழில்நுட்பப் பகுதியை வந்தவர்களால் எட்டவே முடியவில்லை. ஒரு சமையல்காரரும் இரண்டாம் முறை சீருடை போட்ட குடும்பத் தலைவர்களும் விமானப் படையின் கருட் கமாண்டோக்களும் தேசியப் பாதுகாப்புப் படையினரும் உயிர் கொடுத்து வைத்த எல்லைக்கோடு அது.

இப்போது எதிரி சுவர் ஏறி வர வேண்டியதுகூட இல்லை. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப் படைத் தளத்தின் மேல் இரண்டு சிறிய ட்ரோன்கள் வெடிபொருளைப் போட்டன. ஒரு கட்டடத்தின் கூரை உடைந்தது, இரண்டு பேர் லேசாகக் காயம்பட்டார்கள். சேதம் சிறிது. அது சொன்ன செய்தி பெரிது. வேலி எவ்வளவு உயரமானாலும் வானம் திறந்தே இருக்கிறது. அப்படியானால் வேலிக்கு வெளியே இருக்கும் கண்களின் மதிப்பு முன்னைவிடக் கூடித்தான் போகிறது.

இதெல்லாம் எங்கோ வடக்கே நடப்பது என்று எண்ண வேண்டாம். நம் தமிழ்நாட்டில் தாம்பரத்தில் தளம் இருக்கிறது. கோவைக்கு அருகே சூலூரில் இன்னொன்று இருக்கிறது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 அணி இருக்கிறது. அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து. இந்த ஊர்களிலிருந்து இதழுக்குச் சந்தா கட்டிப் படிக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். உங்களிடம் ஆசிரியராக இல்லாமல், ஒரு மில்ட்ரிக்காரர் வீட்டுப் பிள்ளையாகச் சில வார்த்தைகள் சொல்லிக்கொள்கிறேன்.

விமானம் மாடிக்கு மேல் இரைந்துகொண்டு போகும்போது குழந்தையைத் தூக்கிக் காட்டுங்கள். அது பெருமைக்குரிய காட்சி. ஆனால் எந்த நேரத்தில் எத்தனை கிளம்பின, எந்தத் திசையில் போயின என்று படம் பிடித்து ஊரறியப் போடாதீர்கள். மழை பெய்கிறது என்றுகூட எழுதாத மனிதர்களின் கட்டுப்பாட்டை ஒரு செல்போன் கலைத்துவிடக் கூடாது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ட்ரோன் வைப்பவர்கள், 2021ல் வந்த ட்ரோன் விதிகளின்படி தங்கள் ஊர் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே பறக்க விடுங்கள். சிவப்பு மண்டலம் என்றால் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. விமானத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டவோ ஆடுமாடு அறுத்துக் கழிவைப் போடவோ சட்டம் தடுப்பது சும்மா இல்லை. குப்பைக்குப் பருந்து வரும். பருந்து இன்ஜினுக்குள் போனால் ஓர் இளம் விமானியின் உயிர் போகும்.

படையில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உயரதிகாரி பேசுகிறேன், பத்திரிகையிலிருந்து பேசுகிறேன் என்று யார் போன் செய்து பிள்ளை எங்கே இருக்கிறான், எப்போது இடம் மாறுகிறான் என்று கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அதில் பொய் பாவம் எதுவும் இல்லை. என் பாட்டி இருபது வருஷம் 'அம்பத்தாறு' என்றே சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

தளத்தின் வாசலிலோ அந்தச் சாலையிலோ உங்களை நிறுத்தி அடையாள அட்டை கேட்டால், டிக்கியைத் திறக்கச் சொன்னால், தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள். அவர் உங்களைக் குறைத்து மதிப்பிடவில்லை. அட்டையை நீட்டுங்கள். ஒரு வணக்கம் சொல்லுங்கள். அங்கே நிற்பவர் ஒரு முறை நாட்டுக்கு உழைத்து முடித்து, இரண்டாம் முறை நிற்பவராக இருக்கலாம்.

உங்கள் தெருவில் ஒரு பழைய விமானப் படைக்காரரோ டி.எஸ்.சி.காரரோ இருந்தால், இந்த அக்டோபரில் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போர்க் கதை கேட்காதீர்கள். எதுவும் நடக்காமல் கழிந்த இரவுகளைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி நமக்கு அனுப்புங்கள். தளத்தின் பெயர் வேண்டாம், ஆயுதக் கணக்கு வேண்டாம். அவர் எப்படி விழித்திருந்தார் என்பது போதும். வரும் இதழ்களில் அவற்றுக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்